கடலூரில் மகளைச் சேர்த்த ராணுவப் பயிற்சி மையம்

நான் ராணுவத்தில் 17 வருஷம் இருந்தவன். என் மகள் இப்போது அக்னிவீர் மகளிர் ராணுவக் காவல் பிரிவுக்குத் தயாராகிறாள். நாலு மாசமாக இந்த மையத்துக்குப் போகிறாள்.

ஓட்டப் பயிற்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். விடியற்காலை 5 மணிக்கே தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாஸ்டர் நிற்கிறார். பெண்களுக்குத் தனியாக ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறார். ஆள்சேர்ப்புத் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஏழரை நிமிஷத்துக்குள் ஓடினால்தான் முதல் குரூப். 9 நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தவள், போன வாரம் 7 நிமிஷம் 42 வினாடியில் முடித்தாள். 10 அடி நீளம் தாண்டுவதுதான் இன்னும் கைகூடவில்லை. ஒவ்வொரு தடவையும் குதிகால் பதிந்த இடத்தில் மாஸ்டர் குச்சியால் கோடு கிழித்துக் காட்டுகிறார். நேற்று அரை அடிதான் பாக்கி.

பொது அறிவு வகுப்பு சரியில்லை. ராணுவத்தில் பெண்கள் என்றால் டாக்டர், நர்ஸ் என்றே பழைய நோட்ஸில் இருக்கிறது. 2016இலேயே மூன்று பெண்கள் போர் விமானிகளாகிவிட்டார்கள். 2023இல் பீரங்கிப் படைக்கும் பெண் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். காலாட்படையும் டாங்கிப் படையும்தான் இன்னும் திறக்கவில்லை. இதையெல்லாம் பிள்ளைகளுக்கு நேராகச் சொல்ல வேண்டாமா?

அப்புறம், பெண்கள் உடை மாற்ற ஓர் அறை இல்லை. மூன்று தடவை கேட்டுவிட்டேன், "பார்க்கலாம் சார்" என்கிறார்கள். அதுவரை என் மனைவி ஒரு பழைய புடவையோடு கூடவே போகிறாள். நாலைந்து பெண்கள் அந்த மறைப்பில்தான் மாற்றிக்கொள்கிறார்கள்.