டிவிடிஸ்டைலர்: வேலை சுத்தம், தமிழ் சப்டைட்டில் மட்டும் சொதப்பல்

எம்பி4 கோப்பை அப்படியே டிஸ்கில் போட்டு ரைட் செய்தால் பழைய டிவிடி பிளேயர் சீந்தாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரும், அதற்குள் எம்பெக்-2 வடிவில் இருக்கும் படமும்தான். கல்யாணம், கும்பாபிஷேகம், பத்துமலைக் காவடி என்று எதை எடுத்தாலும் பெரியவர்கள் கேட்பது டிவிடிதான். அதைச் செய்ய இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களில் டிவிடிஸ்டைலருக்கே முதலிடம் தரலாம். முகப்பு பழைய பாணிதான். அதனால் குறையொன்றும் இல்லை.

புது புராஜெக்ட் திறந்ததும் கேட்கும் கேள்விகளை அவசரமாகத் தாண்ட வேண்டாம். மலேசியாவில் 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறை: 720க்கு 576 புள்ளிகள், வினாடிக்கு 25 ஃபிரேம். வீடியோகிராபர் தரும் படம் 25 அல்லது 50 ஃபிரேம் என்றால் இதுவே சரி. கைப்பேசிப் படம் பெரும்பாலும் 30 ஃபிரேம். அதை 25க்கு இறக்கினால் காவடியாட்டம் வெட்டி வெட்டித் தெரியும். அதற்கு, வினாடிக்குச் சுமார் 30 ஃபிரேம் ஓட்டும் என்டிஎஸ்சி (NTSC) முறையைத் தேர்ந்தெடுங்கள். இங்கே விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். ஒலிக்கு ஏசி3 வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ்.

பிட்ரேட்டை, அதாவது ஒரு வினாடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவின் அளவை, ஆட்டோவில் விடலாம். ஆனால் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. 4.7 ஜிபி டிஸ்கில் இரண்டு மணி நேரப் படத்துக்கு வினாடிக்குச் சுமார் 5 மெகாபிட் கிடைக்கும். படம் பளிச்சென்று இருக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் 3.3 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். மேளக் கச்சேரியில் ஆள் நடமாட்டமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். இரண்டு டிஸ்காகப் பிரிப்பதே மரியாதை. 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் பழைய பிளேயர்களில் நடுவில் தடுமாறும் அபாயம் உண்டு.

இப்போது சப்டைட்டில். டிவிடியில் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, படமாகத்தான் பதியும். அந்தப் படத்தை வரையும் பகுதிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. சப்டைட்டில் வரிகள் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பைச் சேர்த்தால் 'கொ', 'கே' போன்றவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ஃபாண்டை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றியில் 'பர்ன் இன்' தேர்வைப் போட்டு, சப்டைட்டிலைப் படத்தோடு ஒட்டிய எம்பி4 எடுத்துவிட்டு, அதை டிவிடிஸ்டைலருக்குக் கொடுங்கள். பழைய குழாய் டிவி ஓரங்களை வெட்டிவிடும். அதனால் சப்டைட்டில் கீழ்விளிம்பை ஒட்டாமல் கொஞ்சம் மேலே நிற்கட்டும்.

ஹேண்ட்பிரேக்குக்குப் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. கைப்பேசி வீடியோவின் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. நேராகக் கொடுத்தால் ஆரம்பத்தில் சரியாக இருக்கும் பேச்சு, போகப் போக உதட்டசைவோடு ஒட்டாமல் விலகும். 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' தேர்ந்தெடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

கோப்புப் பெயர்களை ஆங்கிலத்தில், இடைவெளியின்றி வையுங்கள். தற்காலிக ஃபோல்டர் இருக்கும் டிரைவில் குறைந்தது 10 ஜிபி காலியாக இருக்கட்டும். இடம் போதாவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும்.

டிவிடிஸ்டைலரிலிருந்தே நேராக ரைட் செய்ய வேண்டாம். முழு டிஸ்கையும் ஒரே கோப்பாக்கும் ஐஎஸ்ஓ வடிவில் எடுத்து, விஎல்சி வீடியோ பிளேயரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு டிஸ்க் ரைட் செய்யும் இம்க்பர்ன் (ImgBurn) மென்பொருளில் 8 மடங்கு வேகம், 'வெரிஃபை' டிக். இம்க்பர்ன் 2013க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை, ஆனாலும் இந்த வேலைக்கு அதை மிஞ்சியது இல்லை. நிறுவும்போது கூடவே வேறு மென்பொருள் வேண்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

டிஸ்க் வாங்க கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசா வசதி. பழைய பிளேயர் என்றால் டிவிடி-ஆர் கேளுங்கள். டிவிடி+ஆர் சில பிளேயர்களில் ஒத்துவராது. பெயரில்லாத மலிவு டிஸ்க் கட்டு வேண்டாம். மடிக்கணினியில் டிரைவ் இல்லாதவர்கள் அங்கேயே வெளி ரைட்டர் வாங்கி, அதை யூஎஸ்பி ஹப்பில் சொருகாமல் கணினியிலேயே நேராகச் சொருகுங்கள். ஹப்பில் சொருகினால் மின்சாரம் போதாமல் ரைட்டிங் நடுவில் அறுந்துபோகலாம். டிஸ்கின் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டினால் சுழற்சி தள்ளாடும். மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும்.

பிளேயரில் யூஎஸ்பி துளை இருந்தால் முதலில் ஒரு எக்ஸ்விட் ஏவிஐ (பழைய வகை வீடியோ) கோப்பைப் பென்டிரைவில் போட்டுச் சோதியுங்கள். ஓடிவிட்டால் டிஸ்க்கே தேவையில்லை.