மும்பை மழைக்கு எந்த மடக்குக் கத்தி?

பல அலகுகள் கொண்ட பழைய பாணி மடக்குக் கத்திகளில் எது தரமானது என்று பேச்செடுத்தால் சில பெயர்கள் தவறாமல் வரும்: அமெரிக்காவின் கேஸ், கிரேட் ஈஸ்டர்ன், சீனாவில் தயாராகும் ரஃப் ரைடர், சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். எல்லாம் பார்த்துவிட்டு மும்பை மாட்டுங்கா வீட்டுக்கு நான் வாங்கியது விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அழகிலும் வேலைப்பாட்டிலும் கிரேட் ஈஸ்டர்னுக்குத்தான் முதலிடம். 2006 முதல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் இயங்கும் நிறுவனம். நல்லதாக ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அலகை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்குக்கும் கைப்பிடிக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே கீற்று ஒளிகூட நுழையாது. குறைந்த எண்ணிக்கையில் செய்வதால் மறுவிற்பனையிலும் மவுசு உண்டு. 1889இல் தொடங்கிய கேஸ் அவ்வளவு சீரானது அல்ல என்பது சேகரிப்பாளர்களின் வெகுநாள் முணுமுணுப்பு. அதன் ஸ்டாக்மேன் என்ற மாடலில் மூன்று அலகுகள். ஒன்று கால்நடைகளைக் காயடிப்பதற்கென்றே உருவானது. அடுக்குமாடியில் அது பார்சல் நாடா அறுக்கிறது. ரஃப் ரைடர் விலைக்கு மிஞ்சிய நேர்த்தியோடு இருக்கிறது. ஆனால் நண்பர் வீட்டில் கையாண்டதோடு சரி. வருடக்கணக்கில் உழைக்குமா என்பதற்கு என் வார்த்தையை நம்பிப் பணம் போட வேண்டாம்.

மும்பையில் இதையெல்லாம் ஜூன் மாதம் வந்து புரட்டிப் போட்டுவிடும். கிரேட் ஈஸ்டர்ன் பெரிதும் பயன்படுத்தும் 1095 எஃகில் கார்பன் சுமார் 0.95 சதவீதம், துருவைத் தடுக்கும் குரோமியம் இல்லை என்றே சொல்லலாம். அருமையாகச் சாணை ஏறும். ஆனால் மாங்காய் நறுக்கினால் அலகு கண்ணெதிரே நீலச்சாம்பல் நிறமாகும். அந்தக் கறையால் கெடுதல் இல்லை, அலகைத் துடைத்துவிடவும் முடியும். துடைக்க முடியாத இடம் உள்ளே இருக்கிறது: அலகின் அடிப்பகுதி ஸ்பிரிங்கில் உரசும் மூலை. மூன்று அலகும் இரண்டு ஸ்பிரிங்கும் நெருக்கியடித்துக் கிடக்கும் கத்தியில் துணி நுனிகூட அங்கே போகாது. என்னிடமிருந்த ஒரு கார்பன் எஃகுக் கத்தியின் அலகு ஆகஸ்டிலும் பளிச்சென்று இருந்தது. எண்ணெய் விட்டுத் திறந்து மூடியபோது மூட்டிலிருந்து காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் கசிந்தது.

ஸ்பார்ட்டன் இங்கேதான் ஜெயிக்கிறது. அலகும் ஸ்பிரிங்கும் துருவை எதிர்க்கும் எஃகு, கைப்பிடி பிளாஸ்டிக். வெந்நீரில் போட்டு நாலைந்து முறை திறந்து மூடி, உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பராமரிப்பு முடிந்தது. தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். கேஸிலும் துருப்பிடிக்காத எஃகு அலகு உண்டுதான். ஆனால் அதன் பெருமையான எலும்புக் கைப்பிடியை நீரில் ஊறவைக்கக் கூடாது, வெடிக்கலாம். எங்கள் வீட்டில் அதற்கும் முன்னால் ஒரு தடை இருந்தது. எலும்பு என்று கேட்டதுமே அம்மா அதைச் சமையலறை வாசலில் நிறுத்திவிட்டார்.

ஸ்பார்ட்டனிலும் குறை உண்டு. அலகின் கடினம் ராக்வெல் அளவில் 56தான்; அட்டைப்பெட்டிகளாக அறுத்துத் தள்ளினால் சீக்கிரமே மழுங்கும். சாதாரணச் சாணைக்கல்லில் சில இழுப்புகளில் கூர் திரும்பிவிடுகிறது என்பதால் நான் பொருட்படுத்துவதில்லை. தெருவில் சைக்கிள் சாணைக்காரரிடம் மட்டும் கொடுக்காதீர்கள், மெல்லிய அலகில் பாதியைத் தின்றுவிடும் அந்தச் சக்கரம். இதிலுள்ள கார்க் திருகிக்கு (மதுப் புட்டியின் தக்கையை இழுக்கும் சுருள் கம்பி) எங்கள் வீட்டில் உரிய வேலை கிடையாது. இறுகிய கயிற்று முடிச்சை அவிழ்க்க அதைப்போல் வேறில்லை.

கேஸ்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், செயற்கைக் கைப்பிடியும் துருப்பிடிக்காத அலகும் சேர்ந்த ஸ்டாக்மேனைத் தேடுங்கள். வாங்குமுன் ஒவ்வோர் அலகையும் விரித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.