கவுன்ட் ஏற்றும் ஊசி: எங்கே செலவைக் குறைக்கலாம், எங்கே கூடாது

புற்றுநோய்க்குக் கீமோ கொடுத்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் ரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை (கவுன்ட்) அடிமட்டத்துக்கு இறங்கும். அவற்றில் கிருமிகளோடு போராடும் நியூட்ரோஃபில் மிகக் குறைந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதைத் தடுக்கத்தான் ஃபில்கிராஸ்டிம் வகை ஊசிகளை எழுதிக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இந்தச் செலவு வரும்போது குடும்பங்கள் திணறிப்போகின்றன.

ஊசி உங்களுக்குத் தேவையா என்பதை முதலில் கேளுங்கள். உங்கள் கீமோவில் இப்படிக் காய்ச்சல் வரும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல் என்றால் முதல் சுற்றிலிருந்தே போடச் சொல்கின்றன வழிகாட்டு நெறிகள். 10 முதல் 20 வரை என்றால் வயது, மற்ற நோய்களைப் பார்த்து முடிவு செய்வார்கள். பத்துக்கும் கீழே என்றால் பொதுவாக வேண்டியதில்லை. டாக்டரிடம் இதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

தேவை என்றால், எந்த பிராண்ட்? ஆம்ஜென் நிறுவனத்தின் நியூபோஜென் (ஃபில்கிராஸ்டிம்) 1991-லும், சுற்றுக்கு ஒரே ஊசியாகப் போடும் நியூலாஸ்டா (பெக்ஃபில்கிராஸ்டிம்) 2002-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நியூலாஸ்டா அங்கே ஒரு ஊசி 6,000 டாலரைத் தாண்டியது. 2018-ல் பெங்களூரு பயோகான், மைலானுடன் சேர்ந்து அதற்கு இணையான ஃபுல்ஃபிலாவை அங்கே கொண்டுவந்தபோது அதன் விலை நியூலாஸ்டாவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. நம் ஊரில் டாக்டர் ரெட்டீஸின் கிராஃபீல், இன்டாஸின் நியூகைன் போன்ற பயோசிமிலர்கள் (மூல மருந்தை ஒத்ததாக வேறு நிறுவனங்கள் தயாரிப்பவை) பல வருடங்களாகவே இருக்கின்றன. முறையாக அனுமதி பெற்ற பயோசிமிலரை 'மட்டமான மருந்து' என்று நினைத்து ஒதுக்க வேண்டாம். பிராண்டுக்கு பிராண்ட் விலை மாறும். அட்டையில் அச்சிட்ட விலைக்கும் கடைக்காரர் தரும் விலைக்கும்கூட வித்தியாசம் இருக்கும். டாக்டர் சம்மதித்தால் மருந்தின் பொதுப்பெயரை எழுதி வாங்கி, மத்திய அரசின் அம்ரித் மருந்தகம் உட்பட இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள்.

அடுத்து, தினசரி ஊசியா, ஒரே ஊசியா? ஃபில்கிராஸ்டிம் கீமோ முடிந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்துத் தொடங்கி, தினமும் போடுவது. பெக்ஃபில்கிராஸ்டிம் சுற்றுக்கு ஒன்று, 6 மில்லிகிராம். அடுத்த கீமோவுக்கு 14 நாளாவது இடைவெளி வேண்டும் என்பதால் வாராந்திர கீமோவுக்குப் பொருந்தாது. கனடாவின் ஒட்டாவாவில் ஆரம்பகட்ட மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 5 நாள் ஃபில்கிராஸ்டிம் போட்டதன் பலன், 7 அல்லது 10 நாள் போட்டதைவிடக் குறைந்ததாக இல்லை. எனவே, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால், அல்லது வீட்டில் யாராவது ஊசி போடக் கற்றுக்கொண்டால், ஐந்து தினசரி ஊசிகள்தான் என் முதல் தேர்வு. ஆனால் தினமும் பஸ் பிடித்து வர வேண்டிய கிராமத்துக் குடும்பத்துக்கு, போக்குவரத்துச் செலவும் வேலைக்குப் போகாமல் இழந்த கூலியும் சேர்த்துப் பார்த்தால் ஒரே ஊசியே மலிவாக முடியலாம். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையக் கூடாது. அந்த வசதியையும் யோசியுங்கள். எத்தனை நாள் என்பதை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள்.

ஊசிக்குப் பதில் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை? விலை குறைவுதான். ஆனால் அது கவுன்டை ஏற்றாது. இந்த வகை மருந்துக்கு அசையாத கிருமிகள் நம் நாட்டில் ஏராளம். அதனால் அதை ஊசிக்கு மாற்றாக நான் எண்ண மாட்டேன்.

கீமோவைத் தள்ளிப்போடுவது, அளவைக் குறைப்பது இன்னொரு வழி. நோயைக் கட்டுக்குள் வைப்பதற்கான சிகிச்சை என்றால் இது நியாயமான, செலவே இல்லாத வழி. குணப்படுத்தும் நோக்கில் தரப்படும் மார்பகப் புற்றுநோய், லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) சிகிச்சைகளில் அளவைக் குறைத்தால் பலனே குறையலாம். அங்கே ஊசிக்குச் செலவழிப்பதே சரி.

கவுன்டை ஏற்றப் பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா? அது பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் டெங்குவில் பிளேட்லெட் பற்றியவை. நியூட்ரோஃபிலை ஏற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

எந்த வழியில் போனாலும் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நடுராத்திரியானாலும் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கீமோ நடக்கிறது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.