தேர்டு பார்ட்டியா, ஃபுல்லா, பம்பர் டு பம்பரா?

"பழைய வண்டிக்கு எதுக்குங்க ஃபுல் இன்சூரன்ஸ்? தேர்டு பார்ட்டி போட்டா போதும்." கார் ஐந்தாறு வருடம் ஓடிவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பலரும் சொல்வது இதுதான். இது வண்டியின் வயதை மட்டும் பார்த்துப் போடுகிற கணக்கு. உள்ளே யார் உட்காருகிறார்கள், எந்த ரோட்டில் ஓடுகிறது, மழைநாளில் எங்கே நிற்கிறது என்றும் பார்த்தால் விடை மாறலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு கட்டாயமாக்கியிருப்பது தேர்டு பார்ட்டியை, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பை மட்டும்தான். அது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மறுபடி சிக்கினால் 4,000. மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. உங்கள் கார் மோதி ஒருவர் காயப்பட்டாலோ இறந்தாலோ தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டைக் கம்பெனி கட்டும். அதற்கு உச்சவரம்பு இல்லை. அடுத்தவர் சொத்துக்கான சேதம் என்றால் 7.5 லட்சம் வரை.

இதன் விலையில் பேரத்துக்கு வேலையே இல்லை, அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. இதோடு ஜிஎஸ்டி 18 சதவீதம். "நம்மகிட்ட தேர்டு பார்ட்டி பாதி விலை" என்று யாராவது சொன்னால் அந்தப் பாலிசியைச் சந்தேகப்படுங்கள்.

பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று இதில் இருக்கிறது. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில், சொந்தக் காரில் உங்களோடு வருகிறவர்கள் சேர மாட்டார்கள். ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசி இருந்தால் சேர்வார்கள். 2012இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் இந்த வித்தியாசத்தைச் சொல்லியிருக்கிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி பின்னால் வந்து இடித்தால் லாரியின் இன்சூரன்ஸ் பதில் சொல்லும். நீங்களே தூக்கக் கலக்கத்தில் தடுப்பில் மோதினால்? பின் சீட்டில் இருந்த மாமனார், மாமியாருக்கான இழப்பீடு உங்கள் தலையில்தான் விழும். ஓட்டுகிற உரிமையாளருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பு தனியாக உண்டு. வேறொரு வண்டிக்கு ஏற்கெனவே எடுத்திருந்தால் திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

ஃபுல் எடுத்தால் உங்கள் சொந்த வண்டிக்கு நேரும் திருட்டு, தீ, வெள்ளம், மரம் விழுவது எல்லாம் சேரும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை தள்ளிவிட்டாலும் சேரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டி, ரோட்டோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனது. அப்படிப் போன காருக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் ஒரு ரூபாய் கிடைக்காது. ஃபுல் வைத்திருப்பவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு முடுக்கி இன்ஜின் போனால் சாதாரண ஃபுல் பாலிசி கைவிரித்துவிடும். அதற்கு இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாக எடுத்திருக்க வேண்டும். எதுவானாலும், மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் டோ செய்து கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம் பம்பர் டு பம்பர். சாதாரண ஃபுல்லில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். இரும்புப் பாகங்களில் வயதுக்கேற்பக் கழிவு. ஐந்து வருடம் தாண்டினால் 40 சதவீதம் போய்விடும். 10,000 ரூபாய் பம்பர் உடைந்தால் 5,000 கழித்து, அதிலும் கட்டாயப் பிடித்தம் 1,000 எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பம்பர் டு பம்பரில் இந்தத் தேய்மானக் கழிவு கிடையாது, பிடித்தம் மட்டும் இருக்கும். இன்றைய கார்களில் முன்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் என்பதால் முதல் ஐந்து வருடத்துக்கு இதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீணில்லை. அதற்கு மேல் போன வண்டிக்குக் கம்பெனிகளே தரத் தயங்கும்.

புது காருக்கு 2018 செப்டம்பர் முதல் மூன்று வருடத் தேர்டு பார்ட்டி சேர்ந்தே வருகிறது. சொந்த சேதத்துக்கான, அதாவது உங்கள் வண்டிக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். "மூணு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்று நம்பி இரண்டாம் வருடம் அதைப் புதுப்பிக்காமல் விடுகிறவர்கள் உண்டு.

ஃபுல்லிலிருந்து தேர்டு பார்ட்டிக்கு இறங்க நினைப்பவர்கள் என்சிபியையும் (நோ கிளைம் போனஸ்) கணக்கில் எடுக்க வேண்டும். கிளைம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறுகிற தள்ளுபடி அது. ஃபுல் பாலிசி முடிந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் அதைப் புதுப்பிக்காவிட்டால் மொத்தமும் போய்விடும். அதனால்தான், எட்டு வருட வண்டியானாலும் அடிக்கடி குடும்பத்தோடு பெங்களூர் ரோட்டில் போகிறவர் சாதாரண ஃபுல்லைத் தொடர வேண்டும் என்கிறேன். வண்டி மதிப்பு குறைந்திருக்கும், பாதித் தள்ளுபடியும் இருக்கும். பிரீமியம் பயப்படுகிற அளவுக்கு வராது. மாந்தோப்புக்கும் வீட்டுக்குமாக ஒருவர் மட்டும் ஓட்டுகிற பதினைந்து வருடக் காருக்குத் தேர்டு பார்ட்டியே போதும்.

வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விடுகிறவர்கள் இதையெல்லாம் படித்துப் பயனில்லை. எந்த பாலிசி இருந்தாலும், வாடகை ஓட்டத்தில் அடிபட்டது என்று தெரிந்தால் சொந்த சேதத்துக்கான கிளைமை மறுத்துவிடுவார்கள்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. சொந்த சேதப் பகுதியின் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆன்லைனில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு டோல்கேட் பக்கத்தில் வண்டி நின்றுபோனால் போனை எடுக்கிற உள்ளூர் ஏஜெண்டுக்காகக் கொஞ்சம் அதிகம் கொடுப்பதும் நியாயம்தான். யாரிடம் வாங்கினாலும் சில நாள் கழித்து அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ் தேதி அங்கே ஏறாமல் இருந்தால் பாலிசி நம்பரோடு நேராகக் கம்பெனியிடமே கேளுங்கள்.