பெட்டியில் 48 வோல்ட், உள்ளே பாதிதான்: ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

குறைந்த விலையில் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பதிவு செய்ய உதவுகிற பெட்டி) தேடுகிற கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கோவையில் ஒரு கடையில் நான் வாங்கிய பெட்டியில் சத்தம் உடைந்தது. ரிப்பேர் என்று அதே கடை 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, எதையுமே மாற்றாமல் ஐசி (உள்ளே இருக்கிற சிப்) மாற்றியதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தது.

நான் பதிவு செய்வது உடுக்கடிப் பாட்டு. காங்கேயம் பக்கத்து ஊர்களில் விடிய விடியப் பாடுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் வயதாகிவிட்டது, முழு மூச்சில் பாடி முடித்தவரிடம் "இன்னொருக்கா பாடுங்கய்யா" என்று கேட்க யாருக்குத்தான் மனசு வரும்? அப்படி ஒருவர் பாடியதில் உடுக்கை அடி விழுந்த இடமெல்லாம் கரகரவென்று கிழிந்து கிடந்தது. அதற்கப்புறம் வீட்டில் உடுக்கையை வைத்து அடித்துப் பார்த்தபோது கெயினை (மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு) கடைசி வரை இடப்பக்கம் திருப்பினாலும் சத்தம்தான் குறைந்தது, கரகரப்பு அப்படியே இருந்தது.

கடையில் முதலில் சொன்னது, "லேப்டாப்ல யூஎஸ்பி பவர் பத்தலீங்க தம்பி." வேறு லேப்டாப்பில் நேராகச் செருகியும் அதேதான். அடுத்து, "உள்ள ப்ரீஆம்ப் ஐசி போயிருச்சுங்க, ஓவர் சத்தம் குடுத்து எரிச்சிட்டீங்க, அதுக்கெல்லாம் வாரண்டி வராதுங்க" என்றார்கள். ப்ரீஆம்ப் என்பது மைக்கிலிருந்து வருகிற சின்ன சிக்னலைப் பெரிதாக்குகிற பகுதி. ஓவர் சத்தத்தில் அது எரிந்தது என்பது சுத்தப் பொய். மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கில் இருக்கிற சிக்னல், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அது போய் ஐசியை எரிக்காது. பணம் கட்டி வாங்கி வந்து பார்த்தால் பழையபடியே உடைகிறது.

ஈரோட்டில் கோயில் நோம்பிகளுக்கு மைக்செட் போடுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் பெட்டியைத் தொடவே இல்லை, முதலில் பதிவைக் காட்டச் சொன்னார். வேவ்ஃபார்மை (திரையில் தெரிகிற ஒலி அலையின் படம்) பெரிதாக்கிப் பார்த்தால் உடுக்கை அடிகளின் உச்சி எல்லாம் அரிவாளால் சீவின மாதிரி தட்டையாக இருக்கிறது, ஆனால் சீவின இடம் 0 டெசிபெல் கோட்டில் (டிஜிட்டல் பதிவின் உச்ச எல்லை) இல்லை, அதற்கு 11 டெசிபெல் கீழே. இதைக் கவனியுங்கள், எல்லா விஷயமும் இங்கேதான் இருக்கிறது. இன்டர்ஃபேஸ் கம்ப்யூட்டருக்காக சத்தத்தை எண்ணாக மாற்றுகிற இடத்தில் நிரம்பி வழிந்திருந்தால் உச்சி சரியாக 0 கோட்டில் வெட்டுப்பட்டிருக்கும், கெயினைக் குறைத்ததும் சரியாகியும் இருக்கும். 0-க்கு நன்றாகக் கீழேயே தட்டையாக இருந்தால் வெட்டு அதற்கும் முன்னால் எங்கேயோ விழுந்திருக்கிறது, கெயினைக் குறைத்தால் வெட்டுப்பட்ட அலைதான் சின்னதாகும்.

அந்த முன்னால் எது? மைக்கா, ப்ரீஆம்ப்பா? நண்பர் தன் வண்டியில் இருந்த டைனமிக் மைக் ஒன்றை எடுத்து வந்து அதே இன்புட்டில் மாட்டி, உடுக்கையை மைக்குப் பக்கத்தில் வைத்து ஓங்கி அடித்தார். சுத்தமாக வந்தது. ஐசி போயிருந்தால் இதுவும் உடைந்திருக்க வேண்டும். டைனமிக் மைக்குக்கு ஃபாண்டம் பவர் (இன்டர்ஃபேஸ் கேபிள் வழியாகவே மைக்குக்குக் கொடுக்கிற 48 வோல்ட்) தேவையில்லை, என்னுடைய கன்டென்சர் மைக்குக்குத் தேவை, ஆகச் சந்தேகம் அங்கே போனது.

சோதிக்க ஒரு சாதா மல்டிமீட்டர் போதும். மைக்கைக் கழற்றிவிட்டு, ஃபாண்டம் சுவிட்சைப் போட்டு, மீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து, கேபிளின் மைக் மாட்டுகிற முனையில் 1ஆம் ஓட்டையில் கறுப்பு முள், 2ஆம் ஓட்டையில் சிவப்பு. அப்புறம் 1-க்கும் 3-க்கும் இடையே. 44-லிருந்து 52-க்குள் காட்ட வேண்டும். என் பெட்டி காட்டியது 23.4. மைக்கை மாட்டினால் அதிலும் இறங்கும். யூஎஸ்பியில் வருவது 5 வோல்ட்தான், அதை 48-க்கு ஏற்றுகிற சர்க்யூட்டில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டு, பெட்டி மேல் மட்டும் 48 என்று அச்சடித்திருக்கிறார்கள். சில மைக்குகள் குறைந்த வோல்ட்டிலும் ஓடும், பேச்சுக்கு வித்தியாசம்கூடத் தெரியாது. ஆனால் உடுக்கை, பம்பை, தவில் என்று வந்தால் மைக்குக்குள் இருக்கிற சர்க்யூட்டே தாங்காமல் வெட்டிவிடும். விலை குறைவு என்பதில் எனக்குக் குறையே இல்லை, 24 என்று போட்டு விற்றிருந்தால் இந்த மைக்குக்கு நான் அதை வாங்கியே இருக்க மாட்டேன்.

பெட்டியையும் திறந்தோம், ஸ்டிக்கரைக் கடைக்காரர்களே கிழித்திருந்தார்கள். மாற்றியதாகச் சொன்ன ஐசியின் எட்டுக் காலிலும் தொழிற்சாலை சால்டர் அப்படியே பளபளக்கிறது, சால்டர் வைக்கும்போது தடவுகிற ஃப்ளக்ஸின் கறை ஒரு பொட்டு இல்லை. போர்டையும் பில்லையும் சேர்த்து வைத்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

எல்லா உடைசலும் இந்த வகை இல்லை. உச்சி 0 கோட்டிலேயே வெட்டுப்பட்டால் கெயினைக் குறையுங்கள், உச்சி மைனஸ் 10 டெசிபெல் பக்கம் நின்றால் போதும், 24 பிட் பதிவில் அதுவே தாராளம். மிக்சரின் லைன் அவுட்டை எக்ஸ்எல்ஆர் (மூன்று முள்) மைக் இன்புட்டில் கொடுத்தால் கெயினை முழுக்கக் குறைத்தாலும் உச்சி வெட்டுப்படலாம், 6.35 மில்லிமீட்டர் ஜாக்கில் கொடுத்து, இன்ஸ்ட் சுவிட்சை (கிட்டார் மாதிரி வாத்தியத்தை நேராகச் செருகுவதற்கானது) அணைத்து வையுங்கள். இதற்கெல்லாம் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மல்டிமீட்டரோடு கடைக்குப் போனேன். "வேற பீஸ் தர்றேனுங்க" என்று புதுப் பெட்டியைப் பிரித்தார்கள், அவர்கள் கண் முன்னாலேயே அளந்தேன், அதிலும் 24-ஐத் தாண்டவில்லை. காசைக் கேட்டால் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியைக் காட்டுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக் காசைக் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிகம், பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள் கணக்கு. அந்த நாட்களை சர்வீஸ், சர்வீஸ் என்றே ஓட்டிவிடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். பழுது தெரிந்த அன்றைக்கே எழுத்தில் அனுப்பி வையுங்கள், வாட்ஸ்அப் ஆனாலும் சரி.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். பெட்டியின் விலையும் அந்த 1,800 ரூபாயும் இரண்டும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கடை ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கிரெடிட் நோட் நீட்டியது, வாங்கவில்லை.