அடுக்களைக் கீழ்ப்பெட்டிகள்: கடப்பாவா, பீடமா, திருகுகாலா?

எங்கள் வீட்டு அடுக்களைத் தரை ஒன்பது அடி நீளத்துக்குள் 14 மி.மீ. இறங்குகிறது. கழுவிவிட்ட தண்ணீர் பின்வாசல் பக்கத் துளைக்கு ஓட வேண்டும் என்று கொத்தனார் தெரிந்தே கொடுத்த வாட்டம் அது. வாட்டம் இல்லாவிட்டால் தரையைக் கழுவ முடியாது. அது இருப்பதால், தரையில் வைக்கிற பெட்டி எதுவும் தானாக மட்டத்தில் நிற்காது. சமையல் மேடைக்கு அடியில் வரும் கீழ்ப்பெட்டிகளைப் பொருத்தும் வேலையில் பாதி, இந்த 14 மி.மீட்டரை எங்கே எப்படிச் சரிக்கட்டுகிறோம் என்பதுதான். நம் ஊரில் அதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. கடந்த சில ஆண்டுகளில் அம்மா வீடு, என் வீடு, தங்கை வீடு என்று மூன்றையும் கிட்ட நின்று பார்த்துவிட்டேன்.

முதல் வழி, கடப்பாக் கல். சுவரில் காடி வெட்டி, கல் பலகைகளைச் செங்குத்தாகச் செருகிச் சிமென்ட் வைத்து, மேலே கிரானைட்டை ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் பட்டால் ஊறாது, கரையான் அரிக்காது. அம்மா வீட்டுக் கடப்பா அறைகளுக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மட்டம் பார்க்கக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. சிமென்ட் இறுகிவிட்டால் அதன்பின் திருத்த வழியில்லை. பலகைகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பதும் அரிது. வெறும் தட்டுக்கு அது பொருட்டல்ல. இழுப்பறைக்கு இரு பக்கச் சுவர்களும் இணையாக இருந்தே ஆக வேண்டும். முன்பக்க இடைவெளியும் பின்பக்க இடைவெளியும் 3 மி.மீ. வேறுபட்டாலே, இழுப்பறை ஓடும் தண்டவாளமான சேனல் இறுகிக்கொள்ளும். கடப்பாவுக்குள் நேரடியாக இழுப்பறை மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கதவு போதும் என்பவர்களுக்கு மட்டுமே கடப்பா.

இரண்டாம் வழி, பீடம். தரையில் நான்கு அங்குல உயரத்துக்குச் செங்கல் கட்டி, மேலே பூசி, முன்பக்கம் ஓடு ஒட்டி, அதன்மேல் பிளைவுட் பெட்டிகளை வரிசையாக உட்கார வைப்பது. தச்சர்கள் பலருக்கு இதுதான் பிடிக்கும். வாட்டத்தைக் கொத்தனார் விழுங்கிவிடுகிறார், தச்சர் பெட்டியை வைத்துவிட்டுப் போகலாம். பாரமும் முழு அடிப்பரப்பிலும் பரவி இறங்குகிறது. மேடையில் கிரைண்டரை நிரந்தரமாக வைத்திருப்பவர்களுக்கு அந்த உறுதி தேவைப்படும். ஆனால் பூச்சு மட்டமாக வந்திருக்கிறதா என்பது பெட்டி வரும் நாளில்தான் தெரியும். என் தங்கை வீட்டில் பீடத்தின் ஒரு முனை 5 மி.மீ. தாழ்ந்திருந்தது. வந்த தச்சர் அட்டையை மடித்து அடியில் செருகினார். அடுத்த மழைக்காலத்துக்குள் அட்டை ஊறி நசுங்க, இரண்டு கதவுகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கின. ஆப்பு வைக்க வேண்டுமானால் பிளாஸ்டிக் சில்லு வையுங்கள், அல்லது தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட் துண்டு வையுங்கள். அட்டையும் பலகைச் சிராயும் வேண்டாம். பூச்சு நன்றாக உலர்வதற்கு முன் பெட்டியை ஏற்றினால் ஈரம் அடிப்பலகைக்குள் ஏறும். இடையில் கனமான பாலித்தீன் விரிப்பது செலவில்லாத காப்பு.

மூன்றாவது, திருகுகால். பெட்டியின் அடியில் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் அல்லது எஃகுக் கால்கள். முன்பக்கம் கிளிப்பில் மாட்டிக் கழற்றும் அடிப்பட்டி மறைத்துக்கொள்ளும். என் வீட்டுக்கு இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஈரமும் வாட்டமும் உள்ள நம் அடுக்களைக்கு இதுவே பொருந்துகிறது என்பது என் முடிவு. 14 மி.மீ. வேறுபாடு 100 மி.மீ. காலின் திருகுக்குள் எளிதாக அடங்கிவிடும். தரையில் தண்ணீர் ஓடினாலும் பிளைவுட்டைத் தொடாது. பட்டியைக் கழற்றினால் சுவர் ஓரம் வரை கண்ணுக்குத் தெரியும். கரையான் மண்கோடு போட்டிருந்தால் அன்றே பிடித்துவிடலாம். பீடத்தில் அது பெட்டிக்குள் வந்தபிறகுதான் தெரியும்.

மேலே கிரானைட் ஏற்கெனவே பதித்திருக்கும் பழைய வீடுகளில் இந்த வழிக்குப் போட்டியே இல்லை. கல்லை எடுக்காமல், கால்களைத் திருகிக் குட்டையாக்கிப் பெட்டியை உள்ளே தள்ளி, பிறகு திருகி உயர்த்தலாம். பீடத்தின்மேல் அப்படிச் செருகக் கை நுழையாது.

கால் பொருத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. காலின் தலைப்பகுதி பக்கப்பலகையின் அடி விளிம்பையும் சேர்த்துத் தாங்க வேண்டும். அடிப்பலகையை மட்டும் பிடித்திருந்தால் மேடையின் பாரமெல்லாம் அங்குள்ள திருகாணிகளில் தொங்கும். பத்தடி நீளம், இரண்டடி அகலம், 20 மி.மீ. கனமுள்ள கிரானைட் சுமார் 100 கிலோ எடை வரும். மட்டம் தவறிய பெட்டிகளின்மேல் அது ஏறினால் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் உட்கார்ந்து, மற்ற இடங்களில் அந்தரத்தில் நிற்கும். பாத்திரம் கழுவும் தொட்டிக்காக வெட்டிய இடத்தில், முன்னும் பின்னும் மிஞ்சுவது சில அங்குலக் கல்தான். விரிசல் அங்கேதான் விழும்.

இனி மட்டம் பார்க்கும் முறை. எந்த வழியானாலும் உயரக் கணக்கின் தொடக்கம் தரையின் மிக உயர்ந்த இடம்தான். என் வீட்டுக்கு முதலில் வந்தவர் தாழ்ந்த முனையிலிருந்து வைக்கத் தொடங்கினார். எதிர்முனைக்குப் போனபோது பெட்டிக்கும் தரைக்கும் நடுவே காலுக்குப் போதிய உயரம் மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி வைத்ததில் ஒரு நாள் போயிற்று. சுவரில் நெஞ்சுயரத்தில் ஒரு மட்டக்கோடு போட்டு, ஒவ்வோர் அடிக்கும் அதிலிருந்து தரைவரை அளந்துகொண்டே வாருங்கள். அளவு எங்கே மிகக் குறைவோ அதுவே உயர்ந்த இடம். அங்கிருந்து 100 மி.மீ. கால், 720 மி.மீ. பெட்டி, ஆக 820 மி.மீட்டரில் சுவர் முழுக்கக் கோடு. கிரானைட் ஏறினால் 840, அதாவது 33 அங்குலம். ஐந்தடி உயரமுள்ளவர் தோளைத் தூக்காமல் காய் நறுக்க ஏற்ற உயரம். உங்கள் வீட்டில் சமைப்பவர் அதைவிட உயரமென்றால் இந்தக் கட்டத்திலேயே மாற்றுங்கள்.

கோடு போடுவதற்கு லேசர் விரைவு. ஆனால் தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய்க்கு நான் இன்னும் முதலிடம் தருகிறேன். உள்ளே காற்றுக்குமிழி இல்லையென்றால் அது பிசகுவதில்லை, மூலை திரும்பியும் போகும். ரசமட்டத்தை நம்புமுன் ஒருமுறை சோதியுங்கள்: ஒரே இடத்தில் வைத்து, முனை மாற்றித் திருப்பி வைத்தாலும் குமிழி அதே இடத்தில் நிற்க வேண்டும்.

கோடு போட்டபின், அந்த உயரத்துக்கு மூலைப்பெட்டியை முதலில் நிறுத்துங்கள். நீளவாக்கு, முன்பின், மூலைக்கு மூலை என்று மூன்று திசையிலும் மட்டம் பாருங்கள். அடுத்த பெட்டியைக் கவ்வியால் இறுக்கி முன்விளிம்புகளை ஒட்டவைத்து, பிறகே திருகாணி. சுவரோடு பிணைக்கும்போதுதான் பலர் வேலையைக் கெடுக்கிறார்கள். சுவர் உள்வாங்கியிருக்கும் இடத்தில் அப்படியே முடுக்கினால் பெட்டி பின்னே இழுபட்டு முறுக்கிக்கொள்ளும். இடைவெளியில் சில்லு செருகிவிட்டு முடுக்குங்கள். கீலின் திருகு சில மி.மீ. வரைதான் கதவை நகர்த்தும். முறுக்கிய பெட்டியை அதனால் நேராக்க முடியாது.

சிலிண்டர் வைக்கும் பெட்டியைத் தனியாக யோசிக்க வேண்டும். 14.2 கிலோ வாயு நிறைந்த சிலிண்டரின் மொத்த எடை ஏறத்தாழ 30 கிலோ. பீடத்தின்மேல் அதை ஏற்றுவது வயதானவர்களுக்குக் கொடுமை. திருகுகால் வரிசையில் அந்தப் பெட்டிக்கு மட்டும் அடிப்பலகையைத் தவிர்த்தால், சக்கரத் தட்டோடு தரையிலேயே உருட்டி உள்ளே தள்ளலாம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே அடிப்பட்டியை முழுதாக அடைத்துவிடாதீர்கள். கீழே காற்றுத் துளைகள் கட்டாயம், கதவின் மேற்பகுதியிலும் வேண்டும்.

எந்த வழியில் போனாலும் தொட்டிக்கு அடியில் வரும் பெட்டிக்கு மட்டுமாவது ஐ.எஸ். 710 (தண்ணீருக்குத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள பிளைவுட் கேளுங்கள். துகள்பலகை அங்கே ஊதிவிடும். கிரைண்டர் அசையாமல் நிற்க வேண்டும், கொத்தனாரும் நம்பிக்கையானவர் என்றால் பீடம் கட்டுங்கள். அம்மா வீட்டில் கடப்பாவை நான் இடிக்கவில்லை. முன்பக்கம் அலுமினியச் சட்டம் அடித்து, சட்டத்தை மட்டும் ரசமட்டம் வைத்து நேராக்கிக் கதவு மாட்டினோம். இழுப்பறை வேண்டும் என்று அம்மா கேட்டதே இல்லை.