தடுப்பூசிக்குப் பின் தோள்மூட்டுக் காயம்: அமெரிக்காவில் எந்த வழியில் இழப்பீடு?

ஊசியைத் தோளின் உச்சிக்கு அருகே ஏற்றிக் குத்திவிட்டால், தசையில் இறங்கவேண்டிய மருந்து மூட்டை ஒட்டிய திரவப்பையில் இறங்கி வீக்கத்தைக் கிளப்பிவிடும். இது இரண்டு நாளில் போய்விடும் கைவலி அல்ல. மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாது. அமெரிக்காவில் இதற்கு இரண்டு அரசுத் திட்டங்கள் உண்டு. எதில் கேட்பது என்பது நம் விருப்பம் அல்ல, எந்த ஊசி போட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

ஃப்ளூ, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி போன்றவை என்றால் விஐசிபி (VICP) என்ற தேசியத் தடுப்பூசிக் காய இழப்பீட்டுத் திட்டம். ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் மனு போடவேண்டும். எதிர்த்தரப்பு சுகாதாரத் துறைச் செயலர். ஊசி போட்ட நர்ஸோ மருந்துக்கடையோ அல்ல. எந்த ஊசியால் எந்தக் காயம் வரும் என்று திட்டமே ஏற்றுக்கொண்ட அட்டவணை ஒன்று உண்டு; தோள் காயம் 2017 முதல் அதில் இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, அந்தத் தோளில் முன்பு கோளாறு இல்லாமல், வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளோடு நின்று, வேறு நோயும் காரணமாகத் தெரியாவிட்டால், ஊசிதான் காரணம் என்று தனியே நிரூபிக்க வேண்டாம். ஆனால் பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் தங்கி அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். முதல் அறிகுறியிலிருந்து 3 ஆண்டு கெடு. வலிக்கும் வேதனைக்கும் 2,50,000 டாலர் வரை கிடைக்கலாம். சிகிச்சைச் செலவும் சம்பள இழப்பும் தனி. நியாயமான அடிப்படை இருந்தால், தோற்றாலும் வக்கீல் கட்டணத்தைத் திட்டமே தரும்.

கோவிட் ஊசி என்றால் சிஐசிபி (CICP) என்ற அவசரகால மருந்து, தடுப்பூசிகளுக்கான இழப்பீட்டுத் திட்டம். காயம் அதேதான், நியாயம் மட்டும் வேறு. ஊசி போட்ட நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வலிக்கென்று ஒரு டாலரும் கிடையாது, வக்கீல் கட்டணமும் கிடையாது. இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக மீதிச் சிகிச்சைச் செலவும், சம்பள இழப்பில் ஒரு பகுதியும்தான். மறுத்துவிட்டால் மறுபரிசீலனை கேட்கலாம், நீதிமன்றம் போக முடியாது. ஒரே நாளில் ஒரே கையில் ஃப்ளூவும் கோவிடும் போட்டிருந்தால் 3 ஆண்டை நம்பி இருக்காதீர்கள். 1 ஆண்டுக்குள் சிஐசிபி விண்ணப்பத்தையும் அனுப்பிவிடுங்கள்.

அக்கி அம்மைக்கான ஷிங்ரிக்ஸ் இரண்டிலும் இல்லை. அதற்கு மாநில நீதிமன்றத்தில் கவனக்குறைவு வழக்குதான். கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

வழக்குகள் பெரும்பாலும் ஆவணத்தில்தான் இடறும். வலது கையில் போட்டுவிட்டு 'இடது' என்று பதிந்திருப்பார்கள். சரியாகிவிடும் என்று நாலைந்து மாதம் பொறுத்துவிட்டு மருத்துவரிடம் போனால், 48 மணி நேரக் கேள்விக்குப் பதில் சொல்லத் தாளே இருக்காது. முதல் சில நாட்களிலேயே போய், எந்தக் கை, எந்த ஊசி, வலி எப்போது தொடங்கியது என்பதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பிசியோதெரபியை இடையில் விட்டால் வலி தீர்ந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாடும்.